சகலை கொடுத்த முடி மாத்திரை

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் நலமா இல்லையா என்பதே இப்போது ஒரு மருத்துவக் குழுவின் ஆய்வில் இருப்பதால், அந்த வரியின் முதல் பாதியை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டாம் பாதிக்கான பதில் கேட்காமலே தெரியும். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஐம்பதைத் தொட்ட பிறகும் சீப்பின் பல் உடைகிற அளவுக்குத் தலையில் முடி வைத்திருக்கிற மனிதருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது.

நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. போனில் பேசியிருக்கலாம். போனில் பேசினால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் காத்திருந்தே ஆக வேண்டும். உங்களிடமிருந்து எனக்கு ஓர் உதவி தேவைப்படுகிறது, அதுவும் வரும் திங்கட்கிழமைக்குள். கிடைத்தால் எங்கள் வானிலை நிலையத்தின் தலைமை முன்னறிவிப்பாளர் பதவி எனக்கு. கிடைக்காவிட்டால் பதவி என் போட்டியாளன் சுருட்டைக்கு, சிரிப்பு ஊருக்கு. உதவி இன்னது என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த நிலைமைக்கு நான் வந்து சேர்ந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். இல்லாவிட்டால் உதவி கேட்பது போல் ஆகிவிடும்.

உங்கள் கல்யாணத்திலிருந்து தொடங்குகிறேன். அன்று எனக்கு முப்பது வயது நிறைந்திருக்கவில்லை. முன்நெற்றி கொஞ்சம் அகலமாகத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றபோது புகைப்படக்காரர் நேரே வந்து என் கையைப் பிடித்து இழுத்து, "பொண்ணோட அப்பா நடுவுல வாங்க" என்றார். பெண்ணின் உண்மையான அப்பா, அதாவது நம் மாமனார், எனக்குப் பக்கத்திலேயே கறுகறுவென்ற தலையோடு நின்றுகொண்டிருந்தார். நான் மூத்த மருமகன் என்று அமைதியாகத் தெரிவித்தேன். "மன்னிச்சுக்குங்க பெரியவரே" என்றார் அந்த ஆள். அதற்கு மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் பொத்தவில்லை. ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் நீங்கள் மட்டும் என் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது உங்கள் மொட்டை மாடி விருந்து. மழை வருமா என்று கேட்டது நீங்கள். வாய்ப்பு குறைவு என்று சொன்னது நான். குறைவு என்றால் இல்லை என்று பொருளில்லை. படித்தவர்களுக்கு இது தெரியும். அன்று அந்தக் குறைவான வாய்ப்பு வந்து கொட்டியது. நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உங்கள் விருந்தாளிகள் படியிறங்கினார்கள், சாப்பாட்டுத் தட்டுகள் மிதந்தன, எல்லாம் உண்மை. ஆனால் அன்று முதல் என்னைப் பார்க்கும் போதெல்லாம் உள்ளங்கையை நீட்டி வானத்தைப் பார்ப்பது போல நடிக்கிறீர்கள். முதல் முறை அது நகைச்சுவை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தால் அதற்கு வேறு பெயர். நான் சரியாகச் சொன்ன ஆயிரக்கணக்கான நாட்களில் ஒரு நாளாவது, "சகலை, நீங்க சொன்ன மாதிரியே வெயில் அடிச்சுது" என்று நீங்கள் போன் செய்ததுண்டா.

இனி மாத்திரைக்கு வருகிறேன். போன ஆண்டு மாமனாரின் பிறந்த நாளன்று குடும்பமே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி என் முன்னால் வைத்தீர்கள். "சகலை, இது வைட்டமின். முடிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றீர்கள். கூச்சப்படாமல் என்ற சொல்லை எதற்காகச் சேர்த்தீர்கள் என்று இன்றும் யோசிக்கிறேன். நான் உடனே எழுந்து நின்று பதில் சொன்னேன். மனிதனின் மதிப்பு மண்டைக்கு உள்ளே இருக்கிறது என்றேன். முடி என்பது உயிரற்ற பொருள், அதற்குத் தீனி போடுபவன் பிணத்துக்குப் பால் வார்ப்பவன் என்றேன். என் உயிர் இருக்கும் வரை இப்படிப்பட்ட ஒரு மாத்திரை என் தொண்டைக்குள் இறங்காது என்று முடித்தேன். நல்ல பேச்சு. மாமனார்கூடத் தூங்காமல் கேட்டார். சபையில் அப்படிச் சொல்லிவிட்டதுதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. நான் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மரியாதையாக இருக்காது என்று என் மனைவி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து சமையலறை அலமாரியின் பின்வரிசையில் வைத்துவிட்டாள்.

அது அங்கேயே கிடந்து காலாவதியாகியிருக்கும். அதற்குள் எங்கள் தலைமை முன்னறிவிப்பாளர் ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி வந்தது. பதவிக்கு இரண்டே பேர்தான் தகுதி. ஒருவன் நான். இன்னொருவன், வேலைக்குச் சேர்ந்தபோது காற்றழுத்தமானியைப் பார்த்து இது எந்த ஊர் கடிகாரம் என்று கேட்டவன். அவனுக்கு நான்தான் எல்லாம் கற்றுக்கொடுத்தேன். தலை நிறையச் சுருள் முடி என்பதால் அலுவலகத்தில் அவனுக்குச் சுருட்டை என்று பெயர். தலைமை முன்னறிவிப்பாளருக்குப் படிப்பும் அனுபவமும் மட்டும் போதாது, தினமும் மாலை தொலைக்காட்சியில் வந்து மறுநாள் வானிலையைச் சொல்ல வேண்டும். இப்போது இருப்பவருக்குப் பஞ்சுப் பொதி போல வெள்ளைத் தலைமுடி. அவர் புயல் வருகிறது என்று சொன்னாலும் மக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எனவே எங்கள் இரண்டு பேரையும் தொலைக்காட்சி நிலையத்தில் நிறுத்திச் சோதனைப் படம் எடுத்தார்கள். நான் வரைபடத்தின் முன்னால் நின்று, கடலோரத்தில் வானம் தெளிவாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். கேமராக்காரர் நிறுத்தச் சொன்னார். "சார், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க. கடல்ல வெள்ளையா ஏதோ வட்டமா தெரியுது" என்றார். திரையில் பார்த்தேன். விளக்கின் ஒளி என் தலையில் பட்டுத் திரும்பி, வரைபடத்தின் கடற்பகுதியில் ஒரு வட்டமாக விழுந்திருந்தது. அசலான புயல் சின்னம். நான் தலையாட்டினால் அது கரையை நோக்கி நகர்ந்தது. எங்கள் இயக்குநர், மழை பெய்தால்கூட மழையிடம் மன்னிப்புக் கேட்கும் சுபாவம் உள்ளவர், அவரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். சுருட்டை நின்றபோது வரைபடத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் பின்வரிசையைத் துழாவினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது பதவிக்கான தயாரிப்பு. ஆனால் சபையில் அவ்வளவு பேசியவன் கையில் அந்தப் பாட்டிலை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக, தொண்டை மிட்டாய் இருந்த ஒரு தகர டப்பாவைக் காலி செய்து அதில் மாத்திரைகளைக் கொட்டிக்கொண்டேன். பாட்டிலை அலுவலகக் குப்பைக் கூடையில், பழைய வானிலை அறிக்கைகளுக்கு அடியில், அதாவது யாரும் தொட மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் போட்டேன். தொலைக்காட்சியில் பேசப் போகிறவன் தொண்டைக்கு மிட்டாய் சப்புவது இயல்புதானே. நாளுக்கு ஒன்று போதும் என்று பாட்டிலில் போட்டிருந்தது. எனக்கு அவசரம் என்பதால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. மழைமானியின் கோடுகளைப் படிக்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தினமும் உச்சந்தலையை ஆராய்ந்தேன். அங்கே மாற்றம் இல்லை. ஆனால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நகம் வளர்ந்தது. புருவம் அடர்ந்தது. காதுக்குள்ளிருந்து முடி எட்டிப் பார்த்தது. என்னிடம் வேலை செய்பவர்களைப் போலவே அதுவும் சொன்ன இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் வேலை பார்த்தது.

இந்தச் சமயத்தில்தான் சுருட்டைக்குத் தொண்டை கட்டியது. என் மேசையில் டப்பாவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு மிட்டாய் குடுங்க" என்று கையை நீட்டினான். இல்லை என்று எப்படிச் சொல்வது. போட்டியாளன் தொண்டை கட்டிக் கிடக்கட்டும் என்று மிட்டாயை ஒளித்தவன் என்ற பெயர் வரும். ஒன்றைக் கொடுத்தேன். மேலே மெல்லிய ரோஸ் நிற இனிப்புப் பூச்சு, உள்ளே வேப்பங்காய். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "கசக்குதே அண்ணே" என்றான். நல்ல மருந்து கசக்கத்தான் செய்யும் என்றேன். மறுநாள் வந்து, தொண்டை தேவலை, இன்னொன்று கொடுங்கள் என்றான். அதற்கு அடுத்த நாள் கேட்காமல் அவனே டப்பாவைத் திறந்து எடுத்துக்கொண்டான். பிறகு காலையும் மாலையும் வழக்கமாகிவிட்டது. என் தலைக்காக நான் எடுத்துக்கொண்ட முயற்சியில் பாதி அவன் தலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சுருள்கள் முன்பைவிடப் பளபளப்பதாகத் தட்டச்சு செய்கிற அம்மா என் காதுபடவே சொன்னார்.

பதவிக்கு முன் உடல் தகுதிச் சோதனை உண்டு. இரவு வேலை இருப்பதால் இதயம், இரத்தம், கண் எல்லாம் பார்ப்பார்கள். மருத்துவமனையில் ஒரு செவிலியர் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இல்லை. இரத்த அழுத்தத்துக்கு, இல்லை. தூக்கத்துக்கு, இல்லை. "முடிக்கு வைட்டமின்..." என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து என் தலையை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, இல்லை என்று அவரே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சகலை, நான் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம். சுருட்டைக்கும் அதே செவிலியர்தான். அதே கேள்வி வந்தபோது அவனுடைய சுருள்களை ரசித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கு" என்று அங்கேயும் அவரே இல்லை போட்டுக்கொண்டாராம். இதை அவன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முதலில் என் இரத்த முடிவு வந்தது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் பணியாற்றும் ஒருவரின் உடம்பில் ஏதோ ஒன்று அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பதை இயக்குநரால் நம்ப முடியவில்லை. என் மனைவி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே உங்கள் மனைவிக்குப் போன் செய்தாள். உங்கள் மனைவி அழுதுகொண்டே மாமனாருக்குப் போன் செய்தாள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்; நீங்கள் பழக்கூடை அனுப்பினீர்கள். பழங்கள் நன்றாக இருந்தன. அதில் செருகியிருந்த வாழ்த்து அட்டையில், சீக்கிரம் தலை நிமிர வேண்டும் என்று எழுதியிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்தது. மாமனார் என்னிடம் போனில் தனியாகப் பேசினார். இத்தனை ஆண்டுகளில், "போனை என் பொண்ணுகிட்ட குடுங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசாத மனிதர். "மாப்பிள்ளை, உடம்பைப் பாத்துக்குங்க. சின்னவரையும் உங்களையும் பக்கத்துல வச்சுப் பாத்துப் பாத்து எத்தனையோ சொல்லியிருப்பேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். நோய் இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த நிம்மதியையும் சுருட்டை கெடுத்தான். அவன் இரத்த முடிவும் வந்தது. அச்சு அசல் என்னுடையது. நானும் அவனும் ஒரே மாடியில், ரேடார் அறைக்கு அடுத்த அறையில் வேலை செய்கிறோம். ஒரே அறையில் இருவருக்கு ஒரே நோய் என்றதும் அலுவலகம் பற்றிக்கொண்டது. முதலில் குடிநீர்த் தொட்டியைக் கழுவினார்கள். பிறகு வானிலை பலூனில் அடைக்கிற வாயுவைச் சந்தேகித்தார்கள். கடைசியில் எல்லா விரல்களும் ரேடாரை நோக்கித் திரும்பின. தட்டச்சு செய்கிற அம்மா இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தார். தேநீர் கொண்டு வருபவர் மாடி ஏற மறுத்து, கோப்பைகளைக் கயிறு கட்டிக் கூடையில் மேலே அனுப்பினார். காவலாளி தொப்பிக்குள் அலுமினியத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, தனக்கு இப்போது தலைவலி குறைந்திருப்பதாகச் சொன்னார். இயக்குநர் வேறு வழியில்லாமல் ரேடாரை நிறுத்தச் சொல்லிவிட்டார். ரேடார் இல்லாத வானிலை நிலையம் என்பது ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிற ஒரு வீடு, அவ்வளவுதான். நாங்கள் தினமும் வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும் என்று மட்டும் சொன்னோம். அறிக்கையை நம்பி வெள்ளைச் சட்டையில் விளையாட்டு விழாவுக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் சேற்றுச் சட்டையில் திரும்பி வந்தார்கள். பத்திரிகைகள் எங்களைக் கிழித்தன. மருத்துவக் குழு காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை பதவி உத்தரவும் இல்லை, ரேடாரும் இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது.

இன்று காலை பெரிய டாக்டரம்மா எங்கள் இருவரையும் அழைத்தார். இயக்குநரும் வந்திருந்தார். என் மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள். டாக்டரம்மா எங்கள் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், எடை பார்த்தார். "ரெண்டு பேருக்கும் நோயோட அறிகுறி ஒண்ணுகூட இல்ல. நோய் காகிதத்துல மட்டும்தான் இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "முடி வளர்றதுக்குச் சாப்பிடுற பயோட்டின் மாத்திரை இருக்கே, அது அளவுக்கு மேல போனா சில ரத்தப் பரிசோதனை இப்படித் தப்பாக் காட்டும். நிறுத்திட்டு மறுபடி எடுத்தா சரியா வந்துடும்" என்றார். என் நாடியை இன்னும் அவர் பிடித்திருந்தால் அந்த நிமிடத்தில் உண்மையான நோயைக் கண்டுபிடித்திருப்பார். எங்கள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தவர், "ஆனா ஒருத்தருக்கு அது தேவையில்ல, இன்னொருத்தருக்கு அதனால பிரயோஜனமில்ல" என்றார். இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். சுருட்டை சிரித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எப்படி வாயைத் திறந்து, அந்தப் பிரயோஜனமில்லாததைத்தான் இரண்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வது. சிரிப்பு அடங்கும்போது சுருட்டை சொன்னான்: "நான் மாத்திரையே தொடுறதில்ல டாக்டர். அண்ணன் குடுக்கிற தொண்டை மிட்டாய் ஒண்ணுதான்."

அறையில் சிரிப்பு நின்றது. என்ன மிட்டாய் என்று டாக்டரம்மா கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். அப்படிச் சொல்லும்போது என் சட்டைப் பைக்குள் டப்பா கலகலவென்று சத்தம் போட்டது. நான் இருமி மறைத்தேன். "வீட்ல டப்பாவாவது இருக்கும்ல, திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்க" என்றார். வெளியே வந்தோம். பாதி வழியில் என் மனைவி கைப்பையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி ஓடினாள். நான் மருத்துவமனை வாசலில் நின்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ரேடார் ஓடும், நோய் தீரும். ஆனால் முடி வளர்க்க ரகசியமாக மாத்திரை தின்று, அதைப் போட்டியாளனுக்கும் ஊட்டி, அவனையும் நோயாளியாக்கி, ஊரையே மழையில் நனைய வைத்தவனுக்கு யார் பதவி கொடுப்பார்கள்.

ஆகவே உதவி இதுதான். நீங்கள் ஒரு வெள்ளைத் தாளில் பின்வருமாறு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்ப வேண்டும்: "என் சகலையின் தொண்டைக்கு நல்லது என்று சொல்லி ஒரு டப்பா கொடுத்தேன். அதில் இருந்தவை முடிக்கான மாத்திரைகள் என்பது அவருக்குத் தெரியாது. என் கவனக்குறைவு." இது பொய்யல்லவா என்று நீங்கள் கேட்கலாம். மாத்திரை கொடுத்தது நீங்கள், அது உண்மை. எனக்கு நல்லது என்று சொன்னீர்கள், அதுவும் உண்மை. நல்லது எந்த உறுப்புக்கு என்பதில்தான் சின்ன வித்தியாசம். உங்களுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. உங்களைப் பார்த்தாலே எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள். இதைக் கல்யாண நாளிலிருந்து கவனித்து வருகிறேன். அந்த அதிர்ஷ்டத்தில் ஒரு துளியை இந்த ஒரு முறை எனக்காகச் செலவழித்தால் உங்களுக்குக் குறைந்துவிடாது. இன்னொன்று, இந்த விஷயம் உங்கள் மனைவிக்கோ என் மனைவிக்கோ தெரியக் கூடாது. முக்கியமாக மாமனாருக்கு. அவர் என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொள்வதை நான் விரும்பவில்லை.

இதை எழுதும்போது நான் கெஞ்சுவதாக நினைத்துவிட வேண்டாம். பழைய கணக்கில் நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியதைத்தான் நினைவூட்டுகிறேன். என் கொழுந்தியாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த ஆசிகள். அவர்கள் அறிவில் என்னைப் போலவும் தலைமுடியில் உங்களைப் போலவும் வளரட்டும். இரண்டாவது பாதியை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது, ஆனாலும் எழுதிவிட்டேன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் முன்பு என் மனைவி வந்து, யாருக்கு என்று கேட்டாள். அலுவலகத்துக்கு என்றேன். "தங்கச்சி வீட்டு விலாசத்துல எப்ப அலுவலகம் வந்துச்சு? மாத்திரை விஷயமா?" என்றாள். நான் உறையைக் கையால் மூடிக்கொண்டேன். "ஏங்க, அலமாரியில நான் வச்ச பாட்டில் காணாமப் போச்சு, உங்க நாக்கு ரோஸ் கலர்ல இருக்கு, பாத்ரூம்ல பூதக்கண்ணாடி கிடக்கு. எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பேசாம இருந்தேன். அதனால ரத்தப் பரிசோதனை தப்பா வரும்னு டாக்டரம்மா சொன்னதைக் கதவுக்கு வெளிய இருந்து கேட்டப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு" என்றாள். கைப்பையை மறந்தேன் என்று திரும்பி ஓடியவள், டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். இயக்குநர் அப்போது அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். தேநீர் முழுவதும் டாக்டரம்மாவின் மேசை மீது போனதாகத் தகவல்.

இதை நான் ஜீரணிப்பதற்குள் இயக்குநரே போன் செய்தார். ரேடார் மதியத்திலிருந்து ஓடுகிறது என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் இருவரும் மறுபடி இரத்தம் கொடுத்தால் போதும், அது சரியாக வந்ததும் உத்தரவு வரும் என்றார். யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்: "இத்தனை வருஷமா உங்களை எதையுமே நம்பாத ஆளுன்னு நெனச்சிருந்தேன் சார். அந்தத் தலையை வச்சுக்கிட்டு முடி வளரும்னு தினமும் மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. நாளைக்கு வானம் தெளியும்னு ஜனங்ககிட்ட சொல்றதுக்கு இப்படி ஒரு ஆள்தான் எனக்கு வேணும்."

சுருட்டையும் அழைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "அண்ணே, உச்சியில எனக்கும் கொட்டுது, சுருள் மூடியிருக்கிறதால தெரியல. மிச்சம் இருந்தா குடுங்க" என்றான். இரத்தப் பரிசோதனை முடியும் வரை முடியாது என்று சொல்லிவிட்டேன்.

எனவே நீங்கள் எந்தத் தாளிலும் எதையும் எழுதித் தர வேண்டாம். ரகசியமும் தேவையில்லை. என் மனைவி உங்கள் மனைவிக்குச் சொல்லி, அவள் அப்பாவுக்குச் சொல்லி, மாமனார் இன்னும் சிரித்து முடிக்கவில்லையாம். அந்த வாக்கியத்தை அவர் திரும்பப் பெற்றாரா என்று கேட்டேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அது என்னிடமே இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போடச் சொன்னாள் மனைவி. மனம் வரவில்லை, சில பத்திகள் நன்றாக அமைந்துவிட்டன. ஆகையால் அனுப்புகிறேன். அடுத்த மாதம் முதல் மாலைச் செய்திக்குப் பிறகு தொலைக்காட்சியில் நான் வருவேன். பார்க்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பார்த்தீர்களா என்று மறுநாள் காலை போன் செய்து கேட்பேன்.